இறக்கிவிடப்படாதவள்

வயிறு தள்ளிய பெண்களிடம் அந்த விமானக் கம்பெனி வைத்திருந்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. நிலையத்தின் கண்ணாடிக் கதவு முழுக்கத் தாயும் குழந்தையுமாகப் படம் ஒட்டி, கீழே கொட்டை எழுத்தில் "நாங்கள் வணங்குவது தாய்மையை" என்று போட்டிருந்தார்கள். தூர நின்று கும்பிட்டுவிட்டுப் போகிற மரியாதை என்று நினைத்துவிடக் கூடாது. பிடித்து உட்கார வைத்துச் செய்கிற மரியாதை. இந்த விவரமெல்லாம் தெரியாமல் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி ஒரு நாள் காலையில் தோள்பையோடு அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவள் அல்ல. இன்னொரு ஊரில், தம்பி வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில், அப்பா கிடந்தார். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் வீங்கிப்போயிருக்கிறது, எந்த நேரமும் வெடிக்கலாம், உடனே திறந்து சரிசெய்ய வேண்டும் என்று டாக்டர்கள் முந்தின நாளே சொல்லிவிட்டார்கள். மனிதர் கேட்டால்தானே. "மக வந்து இறங்கட்டும். அப்புறம் உங்க இஷ்டத்துக்கு வெட்டிக்குங்க" என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டுவிட்டார். கெஞ்சிப் பார்த்தார்கள், அதட்டிப் பார்த்தார்கள். மத்தியானம் வரைக்கும் பொறுக்கிறோம், அதற்கு மேல் எங்களைக் குறை சொல்லக் கூடாது என்று பெரிய டாக்டர் தம்பியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. அவள் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்ப்பவள். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, மெழுகில் ஒவ்வொரு பல்லாக அடுக்கி, கடிக்கும்போது மேலும் கீழும் ஒட்டி உட்காருகிறதா என்று பார்த்துப் பார்த்துச் செய்கிற வேலை. அப்பாவின் வாயில் இருந்தது அவள் கைப்பட அடுக்கிய செட். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் அதைக் கழற்றிவிடுவார்கள் என்று யாரோ ஒரு புண்ணியவான் அவரிடம் சொல்லித் தொலைத்திருந்தான்.

"நீ செஞ்ச பல்லோட உன்னைப் பார்த்து ஒரு தடவை சிரிச்சுட்டுத்தான் உள்ளே போவேன்," என்றார் போனில். "பொக்கை வாயோட போயி, திரும்பி வரலைன்னு வை, கடைசியா அந்த மூஞ்சிதானே உனக்கு ஞாபகம் இருக்கும்?"

"ஏம்ப்பா இப்படிப் பேசறீங்க? டாக்டர் சொல்றதைக் கேளுங்க. நான் வந்துக்கிட்டே இருக்கேன்," என்று திட்டிவிட்டு, போனை வைத்த பிறகு உட்கார்ந்து அழுதாள். கூட வருவதற்கு ஆள் இல்லை. கணவன் கப்பலில் சமையல்காரன், அப்போது எந்தக் கடலில் இருந்தான் என்று அவனுக்கே தெரியாது. பஸ்ஸில் போனால் ஒரு பகல் முழுக்கக் குலுங்க வேண்டும். அதெல்லாம் கூடாது, விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது, ஏறி உட்கார்ந்தால் இறங்கிவிடலாம் என்று அவளைப் பார்க்கிற லேடி டாக்டர்தான் சொன்னாள். "தாயும் சேயும் நலம். நடக்கலாம், பறக்கலாம்" என்று கடிதமும் கொடுத்தாள்.

கவுண்டரில் இருந்த பெண்ணின் பார்வை முதலில் வயிற்றில்தான் விழுந்தது. உடனே எழுந்து நின்று கைதட்டினாள். அக்கம்பக்கத்துக் கவுண்டர்களில் இருந்தவர்களும் வேலையை விட்டுவிட்டுக் கைதட்டினார்கள்.

"வாழ்த்துகள் மேடம்! நீங்க எங்க தாய்மை மரியாதைத் திட்டத்துல சேர்ந்துட்டீங்க."

"நான் எதுலயும் சேரலையேம்மா. அப்பாவுக்கு ஆபரேஷன். மத்தியானத்துக்குள்ள நான் அங்க இருந்தாகணும்."

"நீங்களா சேர வேண்டியதில்ல மேடம். வயிறு தெரிஞ்சாலே சேர்ந்த மாதிரிதான்."

சொல்லிக்கொண்டே ஒரு ரோஸ் கலர் நாடாவை அவள் தோளில் குறுக்காக மாட்டினாள். அதில் "வருங்காலத் தாய்" என்று எழுதியிருந்தது. வயிற்றைப் பார்த்தும் புரியாதவர்கள் நாலு பேர் இருக்கக்கூடும், அவர்களுக்காக.

"அங்க உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கிறவங்க நம்பர் ஒண்ணு சொல்லுங்க. நீங்க இறங்கினதும் அவங்களுக்கு எங்க வாழ்த்துச் செய்தி போகும்."

அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றே ஒன்றுதான், அப்பாவுடையது. அதைச் சொன்னாள்.

பிறகு நாற்காலி வந்தது. சக்கர நாற்காலி. அதைத் தள்ளிக்கொண்டு சீருடையில் ஒரு பெரியவர் வந்தார்.

"எனக்கு எதுக்கு இது? நான் நல்லா நடப்பேனே."

"நடப்பீங்க மேடம். ஆனா நாங்க நடக்க விட மாட்டோம்," என்று கவுண்டர் பெண் அன்போடு சொன்னாள்.

வரிசையில் வெகுநேரம் நின்றதில் அவளுக்குக் கால் கனத்துப்போயிருந்தது. இரண்டு நாளாகவே கணுக்கால் வீங்கியிருந்தது. சும்மா கிடைப்பதை விடுவானேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

உட்கார்ந்ததும் கவுண்டர் பெண் எதையோ தட்டினாள். "உங்க சீட்டை மாத்தியிருக்கேன் மேடம். நடைபாதைப் பக்கம் இருந்தீங்க. ஜன்னல் பக்கம் போட்டுட்டேன். நாற்காலியில வர்றவங்க ஓரத்துலதான் உட்காரணும். ஏதாவது ஆபத்துன்னா மத்தவங்க தப்பிச்சு ஓடறதுக்கு இடைஞ்சல் ஆயிடும் பாருங்க."

"அப்ப நான்?"

"உங்களுக்குத்தான் திட்டம் இருக்கே மேடம்."

பெரியவர் தள்ளிக்கொண்டு போனார். போகிற வழியில் தண்ணீர் குடிக்க எழுந்தவளை அவர் தோளைப் பிடித்து அமுக்கினார். "எந்திரிக்காதீங்கம்மா. யாராவது பார்த்தா நான் வெறும் நாற்காலியத் தள்ளிக்கிட்டுத் திரியறேன்னு எழுதிடுவாங்க." பாவம், அவரும் பிள்ளைகுட்டிக்காரர். அவள் தாகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

வெயிலில் விமானம் நின்றது. சின்ன விமானம், பக்கத்து ஊர்களுக்குப் போய் வருகிற மலிவு ரகம். அதன் கதவுக்குச் செங்குத்தாக ஒரு இரும்புப் படிக்கட்டு போட்டிருந்தார்கள். அதன் அடியில் பெரியவர் நாற்காலியை நிறுத்தி, பிரேக் போட்டு, சலாம் வைத்தார்.

"இறங்கிக்குங்கம்மா. என் எல்லை இதோட சரி. மேல நீங்களே ஏறிக்கலாம்."

சமதரையில் நடக்கக் கூடாது என்று தள்ளிக்கொண்டு வந்தவர்கள், படி ஏறலாம் என்று விட்டுவிட்டார்கள். அவள் ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு ஏறினாள். மேலே கதவருகில் நின்ற பணிப்பெண் கையில் பயணிகளின் விவரத்தை வைத்துக்கொண்டு, அவளையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நாற்காலிப் பயணியா மேடம் நீங்க?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"நீங்க ஏறி வந்ததை நான் பார்க்கல," என்று பணிப்பெண் பெரிய மனது பண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த மாதிரி விமானத்தின் இருக்கைகளை யார் அளவெடுத்துச் செய்தார்கள் என்று தெரியவில்லை. சாப்பிடாத, வளராத, மூச்சு விடாத மனிதர்களை மனதில் வைத்துச் செய்திருக்க வேண்டும். அவள் பக்கவாட்டில் நுழைந்து, உட்கார்ந்து, முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜன்னல் பக்கமாகச் சாய்த்து வைத்தாள். பக்கத்தில் கோட்டுப் போட்டவர் ஒருவர் கைவைக்கும் கட்டையை முழுசாகப் பிடித்துக்கொண்டிருந்தார். தோள் நாடாவைப் படித்துவிட்டு, "ரொம்ப சந்தோஷம். தாய்மையை நான் ரொம்ப மதிக்கிறவன்," என்றார். கையை எடுக்கவில்லை.

பெல்ட் எட்டவில்லை. இழுத்துப் பார்த்தாள், மூச்சை உள்ளே பிடித்துப் பார்த்தாள். உள்ளே இருந்த பிள்ளை மூச்சைப் பிடிக்க மாட்டேன் என்றது. பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, நீள பெல்ட் ஒன்று தரச் சொல்லிக் கேட்டாள்.

"அது பருமனா இருக்கிறவங்களுக்கு மேடம்."

"நீளமா இருந்தா சரிதானேம்மா, யாருக்குன்னு பார்க்கணுமா?"

"உங்களுக்குக் குடுத்தா உங்களைப் பருமன்னு நாங்க சொன்ன மாதிரி ஆயிடும். வருங்காலத் தாயை அப்படிச் சொல்றது திட்டத்துக்கே அவமானம் மேடம்." குனிந்து, இருக்கிற பெல்ட்டின் இரண்டு முனைகளையும் எடுத்து அவள் இரண்டு கைகளிலும் கொடுத்தாள். "இப்படி இறுக்கிப் பிடிச்சுக்குங்க. தரையிறங்குற வரைக்கும் விட்டுடாதீங்க."

அந்த நேரம் பார்த்து முன்னால் உட்கார்ந்திருந்தவர் தன் இருக்கையைப் பின்னுக்குச் சாய்த்தார். அது நேராக வந்து வயிற்றில் உட்கார்ந்தது. பிள்ளைக்குக் கோபம் வந்து ஓங்கி ஓர் உதை விட்டது. முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"கொஞ்சம் உதைக்காம வர்றீங்களா?"

"நான் உதைக்கல சார்."

"பின்ன யாரு?"

அவள் பதில் சொல்வதற்குள் ஒலிபெருக்கி கரகரத்தது. விமானி பேசினார். இன்றைக்கு நம்மோடு ஒரு வருங்காலத் தாய் பயணம் செய்வதில் கம்பெனி பூரிப்படைகிறது, அவருக்குச் சௌகரியமாக இருக்க வேண்டியது நம் எல்லோருடைய கடமை, எல்லோரும் பலமாகக் கைதட்டுங்கள் என்றார். விமானமே அதிரும்படி கைதட்டினார்கள். முன் இருக்கைக்காரரும் தட்டினார், சாய்ந்தபடியே.

தண்ணீரே குடிக்காவிட்டாலும் ஏழாம் மாதத்தில் கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கும். கதவு இன்னும் மூடவில்லை. அவள் பெல்ட் முனைகளைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். கோட்டுக்காரர் பெருமூச்சு விட்டு வழிவிட்டார். இரண்டு வரிசை தாண்டியிருப்பாள்.

"நடக்கறீங்க!" என்று பணிப்பெண் கத்தினாள். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி இருந்தது அந்தக் குரல். "இப்ப நான் பார்த்துட்டேன் மேடம். இனிமே பார்க்கலைன்னு சொல்ல முடியாது."

விமானி வந்தார். நாற்காலிப் பயணி நடக்கிறார் என்ற செய்தி அவரை மிகவும் கலங்க வைத்தது. அவள் லேடி டாக்டரின் கடிதத்தை எடுத்துக் காட்டினாள். அவர் அதை இரண்டு தரம் படித்தார்.

"நடக்கலாம்னு எழுதியிருக்கு."

"ஆமா சார். நான் நல்லா நடப்பேன்."

"அப்புறம் நாற்காலியில ஏன் வந்தீங்க?"

"நீங்கதானே சார் குடுத்தீங்க. வேண்டாம்னுதான் சொன்னேன்."

"நாங்க ஒருத்தருக்கு நாற்காலி குடுத்தா அவங்களால நடக்க முடியாதுன்னு அர்த்தம். எங்க கம்பெனி தேவையில்லாதவங்களுக்கு எதையும் குடுக்கறதில்ல. அப்ப இந்தக் கடிதம்தான் தப்பா இருக்கணும். டாக்டர் கடிதம் தப்புன்னா நீங்க பறக்கத் தகுதியான்னே தெரியலையே." அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "கீழ எங்க டாக்டர் இருக்காரு. அவர் ஒரு வார்த்தை சொல்லிட்டா கிளம்பிடலாம்."

"அவரை இங்க வரச் சொல்லுங்களேன்."

"அவரோட அடையாள அட்டைக்கு விமானத்துக்குள்ள வர அனுமதி இல்ல. நீங்க போயிட்டு வந்துடுங்க. அஞ்சு நிமிஷம். பையை வச்சுட்டுப் போங்க, தூக்கிக்கிட்டு அலையாதீங்க."

பைக்குள்தான் போன் இருந்தது. படி இறங்கி வந்தால் கீழே பெரியவர் நாற்காலியோடு தயாராக நின்றார்.

டாக்டரின் அறையில் ஒரு மேசையும், மேசை மேல் ஒரு கம்ப்யூட்டர் திரையும், அதற்குப் பின்னால் டாக்டரும் இருந்தார்கள். டாக்டர் அவளைப் பார்க்காமல் திரையைப் பார்த்தார்.

"என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல டாக்டர்."

"வலி?"

"இல்ல."

"மயக்கம், வாந்தி?"

"இல்ல டாக்டர். விமானம் நின்னுக்கிட்டிருக்கு. நல்லா இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போயிடுவேன்."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இங்க பாருங்கம்மா. நல்லா இருக்காங்கன்னு போட இதுல இடமே இல்ல. எங்கிட்ட வர்றவங்களுக்கு ஏதாவது இருக்கும். இல்லைன்னா எதுக்கு வர்றாங்க?"

"நாற்காலியில உட்கார்ந்தேன்னு அனுப்பிட்டாங்க."

"ஏன் உட்கார்ந்தீங்க?"

"கால் கொஞ்சம் வீங்கியிருந்துச்சு."

"கால் வீக்கம்!" டாக்டரின் முகம் மலர்ந்தது. "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே." தட்டினார். திரை சிவந்தது. "கர்ப்பிணி, கால் வீக்கம். பறக்கக் கூடாதுன்னு வருது."

"ஏழாம் மாசத்துல யாருக்குத்தான் டாக்டர் கால் வீங்காது?"

"எல்லாருக்கும் வீங்கும். ஆனா எல்லாரும் எங்கிட்ட வர்றதில்லையே."

அவர் தலைக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருந்தது. அதில் படிக்கட்டை விமானத்திலிருந்து விலக்குவது தெரிந்தது. அவள் எழுந்தாள். பெரியவர் தோளில் கை வைத்தார். அவள் கையைத் தட்டிவிட்டு ஜன்னலுக்குப் போனாள். விமானம் மெல்லத் திரும்பி, அவள் பையையும் போனையும் சுமந்துகொண்டு நகர்ந்தது. கண்ணாடியை இரண்டு கையாலும் தட்டினாள். டாக்டர், சத்தம் போடாதீர்கள், வீக்கம் அதிகமாகும் என்றார்.

அப்புறம் அவளை ஓர் அறையில் கொண்டுபோய் வைத்தார்கள். தாய்மை மரியாதை அறை என்று அதற்குப் பெயர். மெத்தென்ற ஒரு சோபா, சுவர் நிறையக் குழந்தைப் படங்கள். போன் கிடையாது. அப்பாவுக்கு ஒரு போன் போட வேண்டும் என்று எட்டிப் பார்த்த ஒவ்வொருவரிடமும் கேட்டாள். மேலாளர் வந்துவிடுவார், அவரிடம் கேளுங்கள் என்றார்கள். மேலாளர் கூட்டத்தில் இருந்தார். தாய்மை மரியாதைத் திட்டத்தை இன்னும் எப்படிச் சிறப்பாகச் செய்யலாம் என்பதுதான் கூட்டம், அதனால் சீக்கிரம் முடியவில்லை.

கடைசியில் மேலாளர் வந்தார். நல்ல உயரம், நல்ல சிரிப்பு. மேல்வரிசை முன்பற்கள் ஆறும் லேபில் செய்தவை என்று அவள் கண்ணுக்கு உடனே தெரிந்துவிட்டது. யார் செய்தார்களோ, கொஞ்சம் அதிகப்படியாகவே வெள்ளை வைத்திருந்தார்கள்.

"எல்லாம் சௌகரியமா இருக்கா மேடம்?"

"சார், என்னை ஏன் இறக்கி விட்டீங்க? எங்கப்பா சாகக் கிடக்கறாரு."

மேலாளரின் சிரிப்பு மறைந்தது. அப்பா விஷயத்துக்காக அல்ல.

"அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க மேடம். எங்க கம்பெனி ஆரம்பிச்ச நாள்ல இருந்து ஒரு கர்ப்பிணியைக்கூட விமானத்துல இருந்து இறக்கி விட்டதில்ல. போன வருஷம் இதுக்காக எங்களுக்கு விருது குடுத்திருக்காங்க. நானே மேடை ஏறி வாங்கினேன். அந்தப் பேரை உங்க ஒருத்தருக்காக நாங்க கெடுத்துக்க முடியுமா?"

"அப்ப நான் இங்க எப்படி இருக்கேன்?"

"ஓய்வுக்காக அழைச்சுட்டு வந்திருக்கோம். இறக்கி விடறது வேற, அழைச்சுட்டு வர்றது வேற."

"சரி சார், எதுவோ ஒண்ணு. விமானம் போயிடுச்சே?"

"போயிடுச்சு."

"நான்?"

"பதிவுப்படி நீங்களும் போயிட்டீங்க. ஏறினவங்களை இறக்கினாத்தானே பேரை எடுக்கணும்? உங்களைத்தான் நாங்க இறக்கவே இல்லையே." ஒரு பெரிய சிக்கலை நல்லபடியாக அவிழ்த்துவிட்ட திருப்தி அவர் குரலில் இருந்தது.

அவளுக்கு அழுகை முட்டியது. அழுதால் அதற்கும் டாக்டரிடம் அனுப்புவார்களோ என்று பயந்து விழுங்கிக்கொண்டாள். அடுத்த விமானம் எப்போது என்று கேட்டாள். இருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரத்தில், இடமும் நிறைய இருக்கிறது என்றார் மேலாளர். அவள் நாற்காலியைத் தொடாமல், நாடாவைக் கழற்றிப் பைக்குள் வைக்கலாம் என்றால் பை இல்லை, சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, கவுண்டருக்கு நடந்தாள்.

காலையில் கைதட்டிய அதே பெண்தான் இருந்தாள். பெயரைத் தட்டிவிட்டுத் தயங்கினாள்.

"உங்களுக்கு டிக்கெட் போட முடியாது மேடம். நீங்க இப்ப வானத்துல இருக்கீங்க."

"என்னைப் பாரும்மா. உன் முன்னாடி நிக்கிறேன்."

"எனக்குத் தெரியுது மேடம். இதுக்குத் தெரியலையே." திரையைக் காட்டினாள். பிறகு அது ஏதோ மணியடித்தது. பழக்க தோஷத்தில் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. "இறங்கிட்டீங்க மேடம்! வாழ்த்துகள்."

"இப்பவாவது போடு."

"இப்பவும் முடியாது மேடம். அந்த ஊர்ல இருக்கிறவங்களுக்கு இங்கேருந்து அந்த ஊருக்கு எப்படிப் போடறது?"

மேலாளரைக் கூப்பிட்டார்கள். அவர் நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் யோசித்தார். "ஒரே ஒரு வழிதான் இருக்கு. அங்கேருந்து இங்க வர்றதுக்கு ஒரு டிக்கெட் போடுங்க. நீங்க இங்க வந்து சேர்ந்துட்டீங்கன்னா, அப்புறம் இங்கேருந்து தாராளமாப் போகலாம்," என்றார். கேலி செய்கிறாரா என்று அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். இல்லை. மனிதர் நிஜமாகவே உதவி செய்துகொண்டிருந்தார். அவர்கள் அதைத் தட்டிப் பார்த்தார்கள். அங்கிருந்து வரும் விமானத்தில் நாற்காலிக்கு இடம் இல்லை என்று வந்தது. அவள் கண்ணெதிரிலேயே அடுத்த விமானமும் பாதி காலியாகக் கிளம்பிப் போனது.

மத்தியானம் தாண்டிவிட்டது. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சோபாவுக்கு வரச் சொல்லி இரண்டு பேர் வந்து கெஞ்சினார்கள், கர்ப்பிணி தரையில் உட்கார்ந்தால் பார்ப்பவர்கள் கம்பெனியை என்ன நினைப்பார்கள் என்று. அவள் அசையவில்லை. மேலாளர் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்துக் கவுண்டர் பெண் எழுந்து வந்து, குனிந்து, தன் சொந்த போனை அவள் மடியில் போட்டாள்.

"சீக்கிரம் பேசிட்டுக் குடுத்துடுங்கக்கா. இங்க இல்லாதவங்களுக்கு நாங்க போன் குடுக்கக் கூடாது," என்று கிசுகிசுத்தாள். மேடம் என்று சொல்ல மறந்துவிட்டாள்.

தெரிந்த ஒரே நம்பரை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தம்பிதான் எடுத்தான்.

"ஹலோ யாரு?"

"நான்தாண்டா. அப்பா எங்க? போனை அவர்கிட்ட குடு."

தம்பி வெடித்தான். "எங்கக்கா போய்த் தொலைஞ்சே? இறங்கிட்டேன்னு செய்தி வந்து எவ்வளவு நேரமாச்சு! உன் போனுக்கு அடிச்சு அடிச்சுப் பார்க்கறேன், வாசலுக்கும் மாடிக்கும் ஓடி ஓடிப் பார்க்கறேன்..."

"நான் வரலடா. ஏத்தி இறக்கிட்டாங்க. இன்னும் இங்கேயேதான் இருக்கேன். அப்பா எப்படி இருக்காரு?"

"இங்கேயேன்னா? செய்தி வந்துச்சே. அப்பா போனுக்குத்தான் வந்துச்சு. அவரே கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிச்சாரு. 'உங்கள் அன்பு மகள் பத்திரமாகத் தரையிறங்கினார்'னு எனக்கும் சத்தமாப் படிச்சுக் காட்டினாரு. மக ஊருக்குள்ள வந்துட்டா, இனிமே தள்ளிட்டுப் போங்கடா, வழியிலேயே அவளைப் பார்த்துக்கறேன்னு அவரா ஏறிப் படுத்துட்டாருக்கா."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பல்லைக் கழட்டக் கூடாதுன்னு கதவு வரைக்கும் பிடிவாதம். வராந்தா பூரா சிரிச்சுக்கிட்டே போனாரு. எதிர்ல வர்ற பொம்பளைங்க ஒவ்வொருத்தரையும் பார்த்து, நீயான்னு பார்த்துப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே போனாரு. உள்ளே போற கதவுகிட்ட அரை நிமிஷம் நிறுத்தச் சொன்னாரு. நீ வரல. அப்புறம் அவங்களே கழட்டி என் கையில குடுத்துட்டு..." அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "திறந்தவுடனேயே வெடிச்சுடுச்சாம்க்கா. இப்பத்தான் வந்து சொன்னாங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். தம்பி சொன்னதையெல்லாம் அப்படியே சொன்னாள். கவுண்டர் பெண் அவள் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். எதற்குக் கூட்டம் என்று மேலாளர் வேகமாக வந்தார். கவுண்டர் பெண் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். அப்பா செய்தியைப் படித்தது, சிரித்துக்கொண்டே உள்ளே போனது எல்லாவற்றையும் சொன்னாள்.

மேலாளர் தொப்பியைக் கழற்றினார். பிறகு தழுதழுத்த குரலில் சொன்னார்.

"எங்க ஆழ்ந்த அனுதாபம் மேடம். ஆனா ஒண்ணு பாருங்க. மனுஷன் நிம்மதியாப் போயிருக்காரு. மக வந்துட்டாங்கிற நிம்மதியை அந்தக் கடைசி நேரத்துல அவருக்குக் குடுத்தது எங்க வாழ்த்துச் செய்தி. சிரிச்சுக்கிட்டே போனாருன்னு சொன்னாங்களே, இதை நாங்க எப்பவும் மறக்க மாட்டோம். உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னா இந்த விஷயத்தை மேலிடத்துக்கும் தெரிவிக்கணும்னு நினைக்கிறேன். இதைவிட வேற எந்த வகையிலயாவது உங்களுக்கு உதவ முடியும்னா சொல்லுங்க."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கத்தவில்லை. லேபில் டாக்டர்களிடம் அளவு கேட்பாளே, அந்தக் குரலில்தான் கேட்டாள்.

"முடியும் சார். அந்த விமானத்துல போய் இறங்கினேனே நான், அவளுக்கு ஒரு போன் போட்டுக் குடுங்க. வராந்தாவுல அப்பா சிரிச்சப்ப அவதானே அங்க இருந்திருப்பா. அந்தச் சிரிப்பு எப்படி இருந்துச்சுன்னு அவகிட்ட கேட்கணும்."

மேலாளர் தலையசைத்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டார். திரையைத் தன் பக்கம் திருப்பி, அவள் பெயரைத் தட்டித் தேட ஆரம்பித்தார்.